கட்டைவிரல் இழுப்பில் நான்கு ஓசைகள்

1873இல் அமெரிக்க ராணுவம் தன் குதிரைப்படைக்காக 8,000 ரிவால்வர்கள் வாங்க ஒப்பந்தம் போட்டது. ஹார்ட்ஃபோர்டு நகரின் கோல்ட் தொழிற்சாலை செய்து கொடுத்த அந்தத் துப்பாக்கிக்கு 7.5 அங்குலக் குழல், .45 அளவுத் தோட்டா, சுழலும் உருளையில் ஆறு அறைகள். பெயர் 'சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி'. விசையை அழுத்தினால் மட்டும் இது சுடாது. முதலில் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். விசையின் வேலை அதை விடுவிப்பது மட்டுமே.

அமைதியான அறையில் அந்தச் சுத்தியலை மெல்ல இழுத்தால் நான்கு 'டிக்' ஓசைகள் கேட்கும். ஆங்கிலத்தில் கோல்ட் என்ற பெயருக்கும் நான்கே எழுத்து. துப்பாக்கி தன் பெயரைத் தானே எழுத்துக் கூட்டுகிறது என்பார்கள் சேகரிப்பாளர்கள். அந்த நான்கு ஓசைகளைத் தொடர்ந்து போனால் முழு இயந்திரமும் புரிந்துவிடும்.

சுத்தியலின் அடிப்பகுதியில் மூன்று வெட்டுகள் உண்டு. விசையின் மேல்நுனி அவற்றில் ஒவ்வொன்றாக விழுகிறது. முதல் ஓசை பாதுகாப்பு வெட்டு. சுத்தியலின் முனை தோட்டாவைத் தொடாமல் சற்றே விலகி நிற்கும் இடம் அது. பெயர்தான் பாதுகாப்பு, அந்த வெட்டின் உதடு மெல்லியது. துப்பாக்கி கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டால் உதடு உடைந்து குண்டு பாயலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஐந்து தோட்டாக்களை மட்டும் போட்டு, காலி அறையின் மீது சுத்தியலை இறக்கி வைத்தார்கள்.

இரண்டாவது ஓசை பாதி இழுப்பு. உருளையின் அடியில் ஒரு சிறு தாழ்ப்பாள், உருளையில் வெட்டிய பள்ளத்துக்குள் நுழைந்து அதை அசையாமல் பிடித்திருக்கும். சுத்தியல் நகரத் தொடங்கியதும் அதன் பக்கவாட்டிலுள்ள ஒரு புடைப்பு தாழ்ப்பாளின் வாலை மேலே தூக்குகிறது, தலை கீழே இறங்குகிறது. பாதி இழுப்பில் உருளை கையால் சுற்றும் அளவுக்கு விடுபட்டிருக்கும். வலப்பக்கக் கதவைத் திறந்து, காலி உறைகளை ஒரு கம்பியால் தள்ளிவிட்டு, தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போடலாம். ஓடும் குதிரையின் மேல் இது எவ்வளவு மெதுவான வேலை என்று எண்ணிப் பாருங்கள்.

மேலும் இழுக்கும்போது, சுத்தியலோடு இணைந்த ஒரு தள்ளுகோல் உருளையின் பின்புறப் பற்களை உந்தி அதைத் திருப்புகிறது. ஆறு அறை என்பதால் ஒவ்வொரு முறையும் 60 பாகை. அந்தத் திருப்பம் முடியும் தறுவாயில் தாழ்ப்பாளின் வால் புடைப்பிலிருந்து நழுவ, வில்தகடு அதன் தலையை மேலே தள்ளுகிறது. அதுதான் மூன்றாவது ஓசை. அடுத்த அறை குழலுக்கு நேராகப் பூட்டப்பட்டாயிற்று. நான்காவது ஓசையில் விசை கடைசி வெட்டில் அமர்கிறது. திருப்புதல், பூட்டுதல், வில்லை முறுக்குதல் மூன்றையும் ஒரே விரலசைவு செய்து முடித்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இயந்திர அறிவில் என்னை மிகவும் கவர்ந்தது இந்தச் சிக்கனம்தான்.

மூன்றாவது ஓசை முந்திக்கொண்டால், தாழ்ப்பாள் திரும்பிக்கொண்டிருக்கும் உருளையின் மேல் உரசி ஒரு வளையக் கோட்டைக் கீறும். பாதி இழுப்பிலிருந்து அப்படியே சுத்தியலை இறக்குகிறவர்களும் அதே கோட்டை உண்டாக்குகிறார்கள். ஆகவே பழைய துப்பாக்கியைக் கையில் எடுப்பவர் முழுதும் இழுத்த பிறகே மெல்ல இறக்க வேண்டும்.

தோட்டாவின் கதை சுருக்கமானது: சுமார் 16.5 கிராம் ஈயக் குண்டு, அதைத் தள்ள 2.6 கிராம் வரை கரிமருந்து. ராணுவம் மருந்தைப் பிறகு 2 கிராம் அளவுக்குக் குறைத்தது. கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கழிவாகவே மிஞ்சும். அந்தப் படிவு உருளையின் அச்சில் ஏறி இறுகும். ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும்.

இனி நிறம். இதன் சட்டத்தில், அதாவது குழலையும் உருளையையும் தாங்கும் உடற்பகுதியில், நீலமும் பழுப்பும் வைக்கோல் மஞ்சளும் மேகம்போலக் கலந்திருக்கும். அது சாயமன்று. இரும்புச் சட்டத்தை எலும்புக்கரி, மரக்கரியோடு பெட்டியில் அடைத்துப் பழுக்கக் காய்ச்சும்போது, கரியணுக்கள் மேற்பரப்புக்குள் ஊடுருவுகின்றன. தண்ணீரில் தோய்த்ததும் மேல்தோல் கடினமாகிறது. உள்ளே இரும்பு மென்மையாகவே இருப்பதால் அதிர்ச்சியைத் தாங்கும். தோய்க்கும் அந்த நொடியில் படியும் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தில், மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டுகின்றன. மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெய் வானவில் காட்டுவதும் இதே விதியால்தான். படலத்தின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் நிறமும் மாறுகிறது.

கையின் உரசலிலும் வெயிலிலும் அந்தப் படலம் போய்விடும். எனவே நூற்றைம்பது ஆண்டுப் பழைய துப்பாக்கியில் எங்கும் ஒரே பளபளப்பாக நிறம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். மெருகு போட்டவரின் கைவேலை திருகு ஓட்டைகளில் மாட்டிக்கொள்ளும்: கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்பு கிண்ணம்போலச் சரிந்திருக்கும், பொறித்த எழுத்துகள் ஆழம் குறைந்திருக்கும்.

ராணுவ ஆய்வாளர் ஆர்வில் ஐன்ஸ்வர்த் சோதித்துத் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்த தொடக்கக் காலத் துப்பாக்கிகளுக்கு இன்று பெரும் மதிப்பு. அடுத்ததாக எண்கள். சட்டம், விசைக்காப்பு, குழல், உருளை எல்லாவற்றிலும் ஒரே வரிசை எண் இருக்க வேண்டும். ஆனால் 1890களில் ராணுவம் ஏராளமான துப்பாக்கிகளைப் பிரித்து, குழலை 5.5 அங்குலமாக வெட்டி, பாகங்களைக் கலந்து மீண்டும் பூட்டியது. அந்தக் குட்டைக் குழல் துப்பாக்கியில் எண்கள் ஒத்துப்போகாவிட்டால் அது இயல்பு. 7.5 அங்குலக் குழலோடு வருவதில் ஒத்துப்போகாவிட்டால், எங்கோ எப்போதோ யாரோ பாகம் மாற்றியிருக்கிறார்கள்.