கர்ப்ப காலத்தில் புகையை நிறுத்த இங்கிலாந்தில் கிடைக்கும் உதவி: மனைவிக்கு என்ன, கணவருக்கு என்ன?

இங்கிலாந்தில் முதல் கர்ப்பப் பரிசோதனையின்போது மிட்வைஃப் (மகப்பேறு செவிலி) ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து ஊதச் சொல்வார். மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடை அது அளக்கும். 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4 பங்கு) அல்லது அதற்கு மேல் காட்டினால் உங்கள் பெயர் தானாகவே புகை நிறுத்தும் சேவைக்குப் போய்விடும். வேண்டாமென்றால் நீங்கள்தான் மறுக்க வேண்டும். 36ஆவது வாரத்தில் மறுபடியும் ஊத வேண்டும்.

சிகரெட்டைத் தொட்டே அறியாத பெண்ணுக்கும் 4 வரலாம். கணவர் வீட்டுக்குள் பிடிப்பதும் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் பழுதாவதும் காரணமாகலாம். பால் செரிக்காத உடம்பாக இருந்தால் கருவி தவறாகக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. யாரும் பிடிக்காத வீட்டில் 10ஐத் தாண்டினால் 0800 300 363 என்ற இலவச எரிவாயுப் பாதுகாப்பு எண்ணை உடனே அழையுங்கள். இந்த வாயு சில மணி நேரத்தில் உடம்பில் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், இரவு முழுதும் பிடிக்காமல் காலையில் ஊதினால் எண் குறைவாகத்தான் வரும். அதைக் காட்டித் தப்பிப்பதில் யாருக்கும் லாபமில்லை.

சேவையில் ஆலோசகர் ஒருவர், நிறுத்தும் நாளைக் குறித்து வாராவாரம் பேசுவார். மாமியார், கணவர் முன்னால் பேசத் தயக்கமென்றால் தனியாகப் பேசக் கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணமில்லை.

கர்ப்பிணிக்குத் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச், சூயிங்கம், மவுத் ஸ்ப்ரே தரலாம். பேட்சைப் படுக்கப் போகும்போது எடுத்துவிட வேண்டும். அதிமதுரச் சுவை உள்ளவை வேண்டாம். பலருக்கு இது பலிக்காததற்குக் காரணம், பயந்து பயந்து குறைவாகப் பயன்படுத்துவதுதான்: கர்ப்பத்தில் உடம்பு நிகோடினை வேகமாகக் கரைத்துவிடும். பிள்ளைக்கு அதிகக் கேடு செய்வது புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடும் மற்ற நச்சுகளும். பேட்சில் அவை கிடையாது. வரெனிக்ளின், புப்ரோபியான் என்ற புகை நிறுத்தும் மாத்திரைகள் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கூடாது. கணவருக்கு ஒத்துவருமா என்று அவருடைய ஜிபியிடமோ (குடும்ப மருத்துவர்) சேவையிலோ கேட்கலாம்.

காசு விஷயம். மகப்பேறு விலக்குச் சான்றிதழ் இருந்தால் பிரசவம் எதிர்பார்க்கும் தேதிக்குப் பின் ஓராண்டு வரை மனைவிக்கு மருந்துச்சீட்டுக் கட்டணம் இல்லை. மிட்வைஃபிடமோ ஜிபியிடமோ கேட்டுப் பெறுங்கள். கணவருக்கு அது செல்லாது. அவர் 0300 123 1044 எண்ணில் அழைத்து உள்ளூர்ச் சேவையில் தனியாகப் பதிய வேண்டும். அங்கே மருந்து இலவசமா என்பது இடத்துக்கு இடம் மாறும். பல மருத்துவமனைகளில் நிறுத்திய கர்ப்பிணிக்கு வவுச்சரும் உண்டு. ஊதிக் காட்டி உறுதியானால்தான் தருவார்கள். மிட்வைஃப் தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

வீட்டில் ஒருவர் மட்டும் விட்டால், பிரசவத்துக்குப் பின் தூக்கமில்லாத முதல் வாரங்களில் அவரும் திரும்பத் தொடங்கிவிடுவது சகஜம். அதனால் கணவரின் பதிவைப் பிரசவம் வரை தள்ளிப்போடாதீர்கள். பாலூட்டும்போது சூயிங்கம், ஸ்ப்ரே தேவைப்பட்டால் பால் கொடுத்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். பெற்றோரில் யார் புகைத்தாலும், வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்தாலும், குழந்தையோடு ஒரே கட்டிலில் படுக்கக் கூடாது. திடீர்க் குழந்தை மரண ஆபத்து கூடும். 18 வயதுக்குட்பட்டவர் இருக்கும் காரில் புகைப்பது 2015 அக்டோபர் 1 முதல் குற்றம், 50 பவுண்ட் அபராதம். கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தேன் என்பது அங்கே எடுபடாது.