தவறான விடையை மென்பொருள் என்ன செய்கிறது?

52-லிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் 26 என்று எழுதும் குழந்தைகள் உண்டு. இது கவனக்குறைவு அன்று. ஒன்றுகள் இடத்தில் 2-லிருந்து 8 போகாது என்பதால் 8-லிருந்து 2-ஐக் கழித்து 6 என்றும், பத்துகள் இடத்தில் 5-லிருந்து 3-ஐக் கழித்து 2 என்றும் எழுதுகிறார்கள். அதாவது, பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று தாங்களே வகுத்துக்கொண்ட விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள். ஒரு கல்வி மென்பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அறிய, இந்த 26-ஐ அது எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தாலே போதும்.

பயிற்சி மென்பொருள் 'தவறு' என்று காட்டிவிட்டு அடுத்த கணக்கைத் தரும். வாய்ப்பாடு, எழுத்துக்கூட்டல், புதுச் சொற்கள் ஆகியவற்றுக்கு இது மிகவும் ஏற்றது. கற்றது நாள்போக்கில் மறப்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே அளந்து காட்டினார்; அதற்கேற்ப, நன்கு தெரிந்ததை நீண்ட இடைவெளி விட்டும், தடுமாறுவதை விரைவிலும் இவ்வகை மென்பொருள் மீண்டும் கேட்கிறது. ஆனால் தவறான விதியைப் பிடித்துக்கொண்ட குழந்தைக்கு இருபது கணக்குகள் தந்தால் இருபது சிவப்புக் குறிகள்தான் மிஞ்சும்.

பயிற்றுவிக்கும் மென்பொருள் அந்த விதியையே தேடுகிறது. கழித்தலில் குழந்தைகள் செய்யும் பிழைகளை ஆய்வாளர்கள் 1970-களிலேயே திரட்டி வகைப்படுத்தினர். 26 என்ற விடை எந்தப் பிழையின் விளைவு என்று கணித்து, கடன் வாங்கும் படிக்கே மாணவரை மென்பொருள் திருப்பி அழைத்துச் செல்ல அந்த வகைப்பாடு உதவுகிறது. ஒரே விடையை வைத்து முடிவு கட்டாமல் இருப்பதற்கும் வழி உண்டு. தெரிந்தவர் கைதவறிப் பிழையாக எழுதுவதற்கும், தெரியாதவர் ஊகித்துச் சரியாக எழுதுவதற்கும் உள்ள வாய்ப்புகளைச் சேர்த்துக் கணக்கிட்டு, ஒவ்வொரு விடைக்குப் பிறகும் மாணவரின் தேர்ச்சி குறித்த தன் மதிப்பீட்டை மென்பொருள் திருத்திக்கொள்ளும்.

மூடுல் போன்ற கற்றல் மேலாண்மைத் தளங்கள் பாடங்களையும் தேர்வுகளையும் ஓரிடத்தில் வைக்கின்றன. அவற்றில் ஆசிரியர் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் விடைகளையும் பார்க்க வேண்டும். வகுப்பில் ஒன்பது பேர் 26 என்று எழுதியிருந்தால் மறுநாள் எங்கிருந்து தொடங்குவது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

உண்மையில் நடப்பதைத் திரையில் போலச் செய்து காட்டும் பாவனை மென்பொருள் சரி, தவறு என்று எதையும் சொல்வதில்லை, விளைவைக் காட்டுகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய 'ஃபெட்' திட்டத்தின் மின்சுற்றுப் பாவனையில், ஒரு பல்பு எரியும் சுற்றில் இன்னொன்றைத் தொடராக இணைத்தால் இரண்டும் மங்கும். மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பற்றும். ஆய்வகத்தில் செய்யக்கூடாத தவறை இங்கே செய்து பார்த்துக் கற்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, குழந்தைகளுக்காக 1967-இல் உருவான லோகோ என்ற நிரல்மொழி. கட்டளையிட்டால் அதிலுள்ள ஆமை நகர்ந்து கோடு வரையும். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று படித்த சிறுமி, '100 அடி நட, 60 பாகை திரும்பு' என்று மூன்று முறை கட்டளையிடுகிறாள். ஆமை வரைவது முக்கோணம் அன்று. பாதியில் நின்ற அறுகோணம். அவளே எழுந்து ஆமையைப் போல் நடந்து பார்த்தால், மூலையில் தான் திரும்ப வேண்டியது உட்கோணத்தின் அளவு அன்று, வெளிக்கோணத்தின் அளவு என்பது புரியும். 60-ஐ 120 ஆக்குகிறாள். மூன்றாம் கோடு, ஆமை முதலில் புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர்கிறது.