முதுகு வலிக்கு அக்குபஞ்சரும் கைரோபிராக்டிக்கும்: அமெரிக்க மெடிகேர் எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது?

அமெரிக்காவில் 65 வயது நிறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மெல்லிய ஊசிகளை உடலில் குத்திச் செய்யப்படும் அக்குபஞ்சரையும், முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சீர்செய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சையையும் ஏற்றுக்கொள்கிறது. பிள்ளைகளோடு குடியேறி, கிரீன் கார்டு பெற்று, 5 ஆண்டுகள் தொடர்ந்து அங்கேயே வசித்துவிட்ட தமிழ்ப் பெற்றோரும், அந்நாட்டில் ஒரு நாள்கூட வேலை பார்த்திராவிட்டாலும், 65 வயது நிறைந்ததும் மாதக் கட்டணம் செலுத்தி, மருத்துவர் சேவைகளுக்கான இதன் பார்ட் பி பிரிவில் சேரலாம். மேற்சொன்ன இரு சிகிச்சைகளும் அந்தப் பிரிவில்தான் அடங்கும். சுற்றுலா விசாவில் வந்து தங்கியிருப்பவர்களுக்கு இது பொருந்தாது. உரிமை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் வரம்பு மிகவும் குறுகலானது. முதல் நாள் சிகிச்சைக்குப் போகும் முன்பே அந்த வரம்பைத் தெரிந்துகொள்வது, முதியவர்களின் கைப்பணத்தைக் காக்கும்.

அக்குபஞ்சருக்கு மெடிகேர் நெடுங்காலம் ஒரு டாலர்கூடத் தரவில்லை. வலி மாத்திரைகளாகத் தரப்பட்ட ஓபியாய்டு மருந்துகளுக்குப் பலர் அடிமையாகி உயிரிழந்த நெருக்கடிதான், மருந்தில்லாத வழிகளை அரசு தேடக் காரணமாயிற்று. 2020 ஜனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்த முடிவின்படி, கீழ்முதுகு வலி 12 வாரங்களோ அதற்கு மேலோ நீடித்திருக்க வேண்டும். புற்றுநோய்ப் பரவல், அழற்சி நோய், நோய்த்தொற்று போன்ற குறிப்பிட்ட காரணம் எதுவும் அதற்கு இருக்கக் கூடாது. அறுவை சிகிச்சையாலோ கருவுற்றிருப்பதாலோ வந்த வலியாகவும் இருக்கக் கூடாது. இந்த நிபந்தனைகள் பொருந்தினால் 90 நாட்களுக்குள் 12 அமர்வுகள் வரை செய்துகொள்ளலாம். வலி குறைந்துவருவதாக மருத்துவக் குறிப்பில் பதிவாகியிருந்தால் மேலும் 8 அமர்வுகள் கிடைக்கும். ஓர் ஆண்டில் மொத்தம் 20 அமர்வுகளுக்கு மேல் இல்லை. முன்னேற்றம் இல்லையென்றாலோ வலி கூடினாலோ சிகிச்சையை நிறுத்திவிட வேண்டும் என்பதும் விதியிலேயே உள்ளது. கழுத்து வலி, மூட்டுத் தேய்மானம், ஒற்றைத் தலைவலி ஆகியவற்றுக்கு ஊசி போட்டுக்கொண்டால் முழுச் செலவும் நோயாளியுடையதே.

பலரும் அறியாத சிக்கல், ஊசி போடுபவர் யார் என்பதில் இருக்கிறது. உரிமம் பெற்ற அக்குபஞ்சர் நிபுணர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், அவர் தம் பெயரில் மெடிகேருக்கு நேரடியாகப் பில் அனுப்ப முடியாது. அவர்களைத் தனிச் சேவையாளர்களாக மெடிகேர் சட்டம் அங்கீகரிக்கவில்லை. மாநில விதிகள் இடமளித்தால் மருத்துவர் தாமே செய்யலாம். அக்குபஞ்சரிலோ கிழக்கத்திய மருத்துவத்திலோ அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் முதுநிலை அல்லது முனைவர் பட்டமும், அந்த மாநிலத்தின் முழு உரிமமும் பெற்ற நர்ஸ் பிராக்டிஷனர் (உயர்பயிற்சி பெற்ற செவிலியர்), மருத்துவர் உதவியாளர் போன்றோரும் செய்யலாம். அதே தகுதியுள்ள அக்குபஞ்சர் நிபுணர் செய்வதானால், மெடிகேர் ஏற்கும் மருத்துவர் முதலானோரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். பில்லும் மேற்பார்வையாளர் வழியாகவே போக வேண்டும். ஆகவே வீட்டுக்கு அருகில் அக்குபஞ்சர் நிலையம் இருக்கிறது என்று நேரே போய்விடாமல், 'மெடிகேருக்குப் பில் அனுப்புவீர்களா, யார் பெயரில் அனுப்புவீர்கள்' என்று தொலைபேசியிலேயே கேட்டுவிட வேண்டும். கூச்சப்பட வேண்டிய கேள்வி அன்று இது. தெளிவான பதில் வராத இடத்தில் முன்பணம் கட்டித் தொகுப்பாக அமர்வுகளை வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கைரோபிராக்டிக் சிகிச்சையின் கதை வேறு. 1972ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் மெடிகேருக்குள் வந்த இச்சிகிச்சைக்கு, கைரோபிராக்டரே தம் பெயரில் பில் அனுப்பலாம். ஆனால் மெடிகேர் பணம் தருவது ஒரே ஒரு செயலுக்குத்தான்: முதுகெலும்பு மூட்டுகள் சரிவர அசையாமலோ இடம் பிசகியோ இருக்கும் நிலையை, கையால் அழுத்தித் திருத்துவது. அவர் எடுக்கச் சொல்லும் எக்ஸ்-ரே, மசாஜ், முதுகெலும்பு அல்லாத தோள், முழங்கால் போன்ற மூட்டுகளுக்கான சிகிச்சை ஆகிய எதற்கும் அவர் வழியாக மெடிகேர் பணம் தராது. ஒரே வருகையில் இவை எல்லாம் சேர்ந்தே நடப்பதால், காப்பீடு இருக்கிறது என்ற நிம்மதியோடு போனவரின் கையில் பெரிய பில் வந்து சேர்கிறது.

இதில் ஆண்டுக்கு இத்தனை முறை என்ற உச்சவரம்பு இல்லை. மாறாக, சிகிச்சையால் உடல்நிலை மேம்படும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும் வரைதான் அது செல்லுபடியாகும். மேம்பாடு நின்றுவிட்டது, இருக்கும் நிலையைக் காப்பாற்றிக்கொள்ளவே மாதந்தோறும் போகிறார் என்ற கட்டம் வந்தால், மெடிகேர் அதைப் பராமரிப்புச் சிகிச்சை என்று கருதி மறுத்துவிடும். அந்த மாதாந்தர வருகையால்தான் என்னால் நடமாட முடிகிறது என்று சொல்லும் முதியவருக்கு இது கடுமையான விதியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. எனக்கும் அவ்வாறே தோன்றுகிறது. ஆனாலும் விதி அதுதான்.

இத்தகைய மறுப்பு வரலாம் என்று கருதினால், சிகிச்சையாளர் சிகிச்சைக்கு முன்பே 'ஏ.பி.என்.' எனப்படும் முன்னறிவிப்புப் படிவத்தை நோயாளியிடம் தந்து கையெழுத்து வாங்க வேண்டும். அதில் மூன்று தேர்வுகள் இருக்கும். முதல் தேர்வில் சிகிச்சையும் நடக்கும், பில்லும் மெடிகேருக்குப் போகும், மறுக்கப்பட்டால் மேல்முறையீடும் செய்யலாம். இரண்டாவதில் சிகிச்சை நடக்கும், பில் போகாது, மேல்முறையீட்டு உரிமையும் இல்லை. மூன்றாவது, சிகிச்சையே வேண்டாம் என்பது. வரவேற்பு மேசையில் நீட்டப்படும் தாளில் எந்தக் கட்டத்தில் குறியிடுகிறோம் என்று பாராமல் கையெழுத்திடுவது இழப்பில் முடியும். பெற்றோருக்கு ஆங்கிலம் சரளமாக வராதென்றால், அன்று பிள்ளைகளில் ஒருவர் உடன் செல்வது நல்லது.

செலவைப் பொறுத்தவரை, ஆண்டின் தொடக்கத்தில் நாமே கட்டவேண்டிய டிடக்டிபிள் தொகை 2025இல் 257 டாலராக இருந்தது. பார்ட் பி மாதக் கட்டணம் அதே ஆண்டில் பெரும்பாலோருக்கு 185 டாலராக இருந்தது. டிடக்டிபிள் தீர்ந்த பிறகு, மெடிகேர் ஒப்புக்கொண்ட கட்டணத்தில் 20 விழுக்காடு நம்முடையது. தனியார் நிறுவனங்கள் வழியாக நடக்கும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் அடிப்படை உரிமை இதுவே. சில திட்டங்கள் இதற்கு மேலும் அமர்வுகளைத் தருகின்றன. ஆனால் அத்திட்டங்களின் பட்டியலில் உள்ள சிகிச்சையாளரிடமே செல்ல வேண்டும் என்றோ, முன் அனுமதி பெற வேண்டும் என்றோ நிபந்தனை இருக்கலாம்.

கால்கள் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல், விழுந்த பின் தோன்றிய கடும் வலி ஆகியவை இருந்தால், இவ்விரு சிகிச்சைகளையும் நாடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரில் பில் மறுக்கப்பட்டால், மெடிகேர் அனுப்பும் சுருக்க அறிக்கை கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 120 நாட்களுக்குள் முதல் மேல்முறையீட்டைச் செய்யலாம். சிகிச்சையாளரிடம் முன்னேற்றக் குறிப்புகளின் நகலைப் பெற்று அதனுடன் இணைப்பது பயன் தரும். 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற பெயரில் அறியப்படும் காப்பீட்டு ஆலோசனைச் சேவை, கட்டணமின்றி மேல்முறையீட்டுக்கு உதவுகிறது.