கடல் முள்ளெலியின் கூடு எங்கே உடைகிறது?

கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு வலையைக் கொட்டி மீன் பிரிக்கும்போது, விலைபோகாத குவியலில், உடலெங்கும் முட்கள் கொண்ட உருண்டையான கடலுயிரான கடல் முள்ளெலியும் கிடக்கும். செத்ததும் முட்களைப் பிடித்திருக்கும் தசை அழுகி, முட்கள் உதிர்ந்துவிடும். மிஞ்சுவது புடைப்புகள் நிறைந்த வெற்று உருண்டைக் கூடு. இத்தனை அழகான பொருளைப் பத்திரமாக இன்னொருவருக்கு அனுப்ப முடியும். அதன் உடலமைப்பு தெரிந்தால் போதும்.

சிப்பி மாதிரி வெளி ஓடு என்றுதான் தோன்றும். ஆனால் இது எலும்புக்கூடு. உயிரோடு இருக்கும்போது இதன்மேல் மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். ஒரே வார்ப்பும் அல்ல. கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தாலான தகடுகள் உச்சியிலிருந்து வாய்வரை 20 வரிசைகளாக இறங்குகின்றன. அவற்றில் ஐந்து ஜோடி வரிசைகளில் நுண்துளைகள் உண்டு. அந்தத் துளைகளோடு இணைந்த குழாய்க்கால்களால் அது நகர்கிறது, பாறையைப் பற்றுகிறது. கூட்டை வெயிலுக்கு நேரே பிடித்தால் அந்தத் துளைகள் ஒளிப்புள்ளிகளாக வரிசைகட்டி நிற்கும். அடியில் உள்ள பெரிய துவாரம், ஐந்து பற்கள் கொண்ட தாடை இருந்த இடம்.

தகடுகளைக் கட்டிவைத்திருப்பவை கொலாஜன் என்ற புரத நார்கள். அவை மக்கிவிட்டால், விளிம்போடு விளிம்பு கடித்து நிற்கும் பிடிமானம்தான் மிச்சம். புதுச்சேரிப் பழைய வீடுகளின் செங்கல் வளைவு மாதிரிதான்: வெளியிலிருந்து சமமாக அழுத்தினால் தாங்கும். ஓரிடத்தில் குத்தினாலோ உள்ளிருந்து தள்ளினாலோ மூட்டு விட்டுவிடும்.

அதனால்தான் கூட்டுக்குள் பஞ்சைத் திணிக்கக் கூடாது. பலரும் அக்கறையோடு செய்யும் காரியம் இது. உள்ளே இறுகிய பஞ்சு தகடுகளை வெளியே தள்ளுகிறது. உள்ளே காலியாகவே இருக்கட்டும். முதலில் மெல்லிய டிஷ்யூ காகிதத்தைச் சுற்றுங்கள். பஞ்சை நேரடியாக வைத்தால் இழைகள் புடைப்புகளில் சிக்கி, பிரிக்கும்போது இழுபடும். காகிதத்துக்கு மேல் பஞ்சு, அப்புறம் கெட்டியான சின்னப் பெட்டி. ஆட்டினால் அசையக் கூடாது, மூடியும் அமுக்கக் கூடாது. அந்தப் பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, எல்லாப் பக்கமும் கசக்கிய காகிதம் நிரப்புங்கள்.

அனுப்புவதற்கு முன் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்து, நிழலில் உலர்த்த வேண்டும். வெளுப்பதற்காக பிளீச்சில் நெடுநேரம் போட்டால் நார்களும் கரையும். வினிகர் பக்கமே போகாதீர்கள், கால்சைட்டையே கரைத்துவிடும்.

வழியில் உடைந்துபோனாலும் துண்டுகளை எறிய வேண்டாம். பெரும்பாலும் மூட்டில்தான் பிரிந்திருக்கும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை விளிம்பில் தொட்டுவைத்தால் பொருந்திவிடும்.