ஒரே கேம், மூன்று வயது: 3+, 12+, 18+ என்று யார் போடுகிறார்கள்?

போன மாதம் அக்கா மகனுக்கு போனில் ஒரு செஸ் கேம் இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெயருக்குக் கீழே 3+ என்று இருந்ததைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான். "சித்தி, இது மூணு வயசுப் பாப்பா ஆடுறது, வேற போடுங்க." பன்னிரண்டு வயதுக்காரன், பள்ளிப் போட்டிகளில் ஆடுகிறவன். அந்த எண்ணை அவன் எவ்வளவு கஷ்டமான கேம் என்பதற்கான அளவாக எடுத்துக்கொண்டுவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 3+ என்றால் மூன்று வயதில் செஸ் ஆட வந்துவிடும் என்று அர்த்தமில்லை. மூன்று வயதுக் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாலும் பயப்படும்படி ஒன்றும் இல்லை என்பதுதான் அர்த்தம்.

சரி, இதை யார் முடிவு செய்கிறார்கள்? சினிமாவுக்கு நம் ஊரில் சென்சார் போர்டு இருக்கிறது. முழுப்படத்தையும் பார்த்துவிட்டு யூ, யூஏ, ஏ என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள். கேமுக்கு அந்த மாதிரி ஒரு போர்டு இந்தியாவில் இல்லை. மற்ற நாடுகளில் இருப்பவையும் ஒன்றுபோல இல்லை. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு கேள்வி கேட்கிறது, பதிலுக்குத் தக்கபடி எண் மாறுகிறது.

இதற்கு பலாட்ரோ கதையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2024 பிப்ரவரியில் வந்த சீட்டாட்டக் கேம் அது. கையில் எட்டுச் சீட்டு, அதிலிருந்து ஐந்து வரை எடுத்து, போக்கர் என்ற சீட்டுச் சூதாட்டத்தின் கணக்கில் சேர்த்துப் போட வேண்டும். இரண்டு ராஜா போட்டால் ஜோடிக்கு 10, ராஜாவுக்குத் தலா 10, ஆக 30, அதை இரண்டால் பெருக்கினால் 60 புள்ளி. முதல் சுற்றில் 300 எடுத்தால் போதும். அப்புறம் விதிகளையே கவிழ்க்கும் ஜோக்கர்களை வாங்கிச் சேர்த்துக்கொண்டே போனால் புள்ளி லட்சம், கோடி என்று எகிறும். பந்தயம் கிடையாது, எதிரில் ஆள் கிடையாது. கேமை ஒருமுறை காசு கொடுத்து வாங்கியதோடு சரி, உள்ளே நிஜப் பணம் ஒரு பைசா புழங்காது.

ஐரோப்பாவில் கேம்களுக்கு வயது போடும் பெகி அமைப்பின் எண் முதலில் இதற்கு 3 என்று இருந்தது. வெளிவந்து சில நாளிலேயே அது 18 ஆக மாறி, சில ஆன்லைன் கடைகளிலிருந்து கேமைக் கொஞ்ச நாள் எடுத்தும்விட்டார்கள். காரணம், சூதாட்டத்தைக் கற்றுத்தருகிறதா என்பது பெகி கேட்கும் கேள்விகளில் ஒன்று. 2020 முதல் அதற்கு ஆம் என்று பதில் வந்தால் நேராக 18தான் என்று அப்போது இருந்தது. பலாட்ரோ ஆடினால் எந்தச் சீட்டுக் கூட்டு எதை வெல்லும் என்று தெரிந்துவிடும், அந்த அறிவு நிஜப் போக்கர் மேசையில் உதவும் என்பது அவர்கள் வாதம். அதே சமயத்தில், காசு கொடுத்துத் திறந்தால் எந்த வீரர் வருவார் என்றே தெரியாத அட்டைப் பொட்டலங்களை விற்கும் பெரிய கால்பந்து கேமுக்கு பெகி கொடுத்திருந்த எண் 3. பலாட்ரோவை உருவாக்கியவர் கடுப்பாகி, நானும் அந்த மாதிரி ஏதாவது சேர்த்தால் எனக்கும் 3 கிடைக்குமோ என்ற தொனியில் கிண்டலடித்தார். மேல்முறையீடு நடந்து 2025 பிப்ரவரியில் எண் 12 ஆனது. அமெரிக்காவிலோ இது 10 வயதுக்கு மேல் எல்லோருக்கும் என்ற வகையில் இருக்கிறது.

அமெரிக்காவில் கேம்களுக்கு வயது போடும் ஈஎஸ்ஆர்பி அமைப்பு பிறந்ததே அரசுக்குப் பயந்துதான். 1993 டிசம்பரில் மார்ட்டல் காம்பாட், நைட் ட்ராப் ஆகிய கேம்களை வைத்து செனட்டில் விசாரணை நடந்தது. நீங்களே கட்டுப்படுத்தாவிட்டால் நாங்கள் சட்டம் போடுவோம் என்று செனட்டர்கள் மிரட்ட, கேம் நிறுவனங்கள் சேர்ந்து 1994ல் இதை ஆரம்பித்தன. கடைக்கு வரும் கேம்களுக்கு இவர்கள் எண் போடும் விதம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: மதிப்பிடுபவர்கள் முழுக் கேமையும் ஆடிப் பார்ப்பதில்லை. நிறுவனம் ஒரு நீண்ட படிவத்தை நிரப்பி, கேமில் உள்ளதிலேயே மோசமான காட்சிகளையும் வழக்கமான ஆட்டத்தையும் வீடியோவாகக் கொடுக்கிறது, குறைந்தது மூன்று பேர் அதைப் பார்க்கிறார்கள். சோம்பேறித்தனம் இல்லை. ஒரு கேம் ஐம்பது மணி நேரம் ஓடும், எண் கேட்டு வரும்போது பாதி கேம் முடிந்தே இருக்காது. ஆனால் கொடுப்பவர் எதையாவது காட்டாமல் விட்டால்?

2005ல் அதுதான் நடந்தது. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் என்ற கேமின் டிஸ்க்கில் ஒரு பாலுறவு மினி கேமை முடக்கி வைத்திருந்தார்கள், அழிக்கவில்லை. நெதர்லாந்தில் ஒருவர் அதைத் திறந்துகாட்ட, ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. 17 வயதுக்கான எம் என்ற எழுத்து, பெரியவர்களுக்கு மட்டும் என்ற ஏஓ ஆனது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு வயதுதான், ஆனால் ஏஓ கேமைப் பெரிய கடைகள் விற்பதில்லை, கன்சோல் நிறுவனங்கள் அனுமதிப்பதும் இல்லை. அதற்குப் பிறகு, டிஸ்க்கில் பூட்டிக் கிடப்பதையும் சொல்லியாக வேண்டும் என்று விதி வந்தது.

ஜெர்மனியில் இதற்கு நேர்மாறு. யூஎஸ்கே என்ற அமைப்பில் ஓர் ஆள் உட்கார்ந்து கேமை உண்மையிலேயே ஆடி முடித்து, ஒரு குழுவின் முன்னால் விளக்குகிறார், முடிவில் அரசுப் பிரதிநிதிக்கும் பங்கு உண்டு. 2003லிருந்து அந்த எண்ணுக்குச் சட்டத்தின் பலம் இருக்கிறது, மீறினால் கடைக்காரருக்கு அபராதம். (அமெரிக்காவில் அப்படி இல்லை, வன்முறைக் கேமை சிறுவர்களுக்கு விற்கத் தடை போட்ட கலிஃபோர்னியாவின் சட்டத்தை 2011ல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று தூக்கி எறிந்தது.) ஜெர்மனியின் கெடுபிடிக்குப் பயந்து, 2003க்கு முன்பிருந்தே நிறுவனங்கள் ஜெர்மானியர்களுக்கென்று தனிப் பதிப்பே போட்டன. ஹாஃப் லைஃப் என்ற கேமில் சிப்பாய்கள் ரோபோ ஆனார்கள். டீம் ஃபோர்ட்ரஸ் 2ல் ஆள் வெடித்தால் சதைக்குப் பதிலாக ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் பர்கரும் பறந்தன. சதையை விட அது இன்னும் விபரீதமாக இருக்கிறது என்பது என் கருத்து. நாஜிகளின் ஸ்வஸ்திகா சின்னம் 2018 வரை அங்கே கேம்களில் அனேகமாக வரவே முடியாது, அதனால் நாஜிகளோடு சண்டை போடும் வுல்ஃபென்ஸ்டீன் கேமின் ஒரு பதிப்பில் மீசையில்லாத ஹிட்லர் வந்தார்.

ஜப்பானில் செரோ என்ற அமைப்பு உடல் துண்டாவதைப் பார்த்தால் பிடிவாதம் பிடிக்கும். 2022ல் த கலிஸ்டோ புரோட்டோகால் என்ற திகில் கேமின் நிறுவனம் அங்கே வெளியீட்டையே ரத்து செய்தது.

ஆஸ்திரேலியாவின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2013 வரை அங்கே கேமுக்கு 15தான் உச்ச வயது. 18 என்ற தட்டே கிடையாது, 15க்கு அடங்காவிட்டால் விற்பனையே தடை. இன்னொரு விதி: போதைப்பொருள் எடுத்தால் ஆட்டத்தில் லாபம் கிடைக்கக் கூடாது. 2008ல் ஃபால்அவுட் 3 என்ற கேம் அனுமதி கேட்டுப் போனது. அதில் மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டால் அடி குறைவாக விழும். தடை. நிறுவனம் மார்ஃபினுக்கு மெட் எக்ஸ் என்று பெயர் சூட்டியது, அனுமதி கிடைத்தது. வேலை என்னவோ அதேதான், நிஜ மருந்தின் பெயர்தான் போய்விட்டது. அந்த மாற்றத்தை உலகம் முழுவதற்கும் செய்துவிட்டார்கள், ஆகவே மதுரையில் ஃபால்அவுட் 3 ஆடியவரும் ஆஸ்திரேலிய விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆடினார்.

போன் கேம்களுக்கு இந்தக் குழுக்கள், வீடியோக்கள் எதுவும் தாங்காது, வந்து குவிகிறவை அவ்வளவு. அதற்காக 2013ல் ஐஏஆர்சி என்ற ஏற்பாடு வந்தது, கூகுள் பிளே 2015ல் சேர்ந்துகொண்டது. உருவாக்கியவர் ஒரே ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார். ரத்தம் தெரிகிறதா? அடிபடுவது மனிதனா, கற்பனைப் பிராணியா? சூதாட்டம் உண்டா? முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்ளலாமா? அந்தப் பதில்களையே ஒவ்வொரு வட்டாரத்தின் விதிப்படி கணினி தனித்தனி எண்ணாக மாற்றுகிறது. தனி அமைப்பு இல்லாத இந்தியா போன்ற நாடுகளுக்கு 3, 7, 12, 16, 18 என்ற பொதுத் தட்டு. ஆப்பிள் கடை இதில் சேரவில்லை, தனக்கென்று தனி எண் வைத்திருக்கிறது.

இவ்வளவு செய்தும் எண்ணுக்குள் அடங்காத விஷயம் ஒன்று உண்டு: ஆன்லைனில் எதிரே இருப்பவர் என்ன பேசுவார் என்பது. அமெரிக்காவில் அதை எண்ணில் சேர்க்காமல், பயனர்கள் பேசிக்கொள்வார்கள் என்று கீழே ஒரு வரி போட்டு விட்டுவிடுகிறார்கள். ஜெர்மனி 2023ல்தான் சாட், வாங்கச் சொல்லும் நச்சரிப்பு, பொட்டலத்தில் என்ன வரும் என்று தெரியாத அட்டைகள் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தது. அந்த ஆண்டின் கால்பந்து கேமுக்கு அங்கே 12 கிடைத்தது. ஆஸ்திரேலியா 2024 செப்டம்பரிலிருந்து சூதாட்டம் போலவே நடக்கும் கேம்களுக்கு 18 போடுகிறது.

அக்கா மகனின் செஸ் கேமுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். 3+ என்பதற்குக் கீழே, சாம்பல் நிறப் பொடி எழுத்தில், பயனர்கள் உரையாடலாம், செயலிக்குள் வாங்கலாம் என்று இருந்தது. அவன் அதற்குள் யாரோ ஒருவனிடம் ராணியைப் பறிகொடுத்துவிட்டு, சாட் பெட்டியில் மும்முரமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.