ஈர விறகு ஏன் புகைகிறது?

வெந்நீர் அடுப்பில் சரியாகக் காயாத ஒரு கட்டையைச் செருகிவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். உள்முனை கருகிக்கொண்டிருக்கும்போதே இந்த முனையில் சின்னச் சின்னக் குமிழாக நுரை தள்ளும். 'உஸ்ஸ்' என்று சத்தம் வரும். பழுப்பு நிறத்தில் நீர் சொட்டும். நீலகிரியில் மழைக்காலத்தில் அவசரத்துக்கு விறகு வாங்கிய எவருக்கும் பழக்கமான காட்சி இது. அந்த நுரை எந்த வழியாக வருகிறது என்று புரிந்துவிட்டால், விறகை ஏன் பிளக்கிறோம், எப்படி அடுக்க வேண்டும் என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. வேர் உறிஞ்சும் தண்ணீரை இலைவரை ஏற்றுவதற்காக அவை நெடுக ஓடுகின்றன. மரத்தை வெட்டிய பிறகும் தண்ணீர் உள்ளேயேதான் இருக்கும். புதிதாக வெட்டிய கற்பூர மரத்தில், அதாவது யூகலிப்டஸில், ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். அது குழாயின் போக்கில் முனைகள் வழியாக எளிதில் வெளியேறும். பக்கவாட்டில் வர வேண்டுமென்றால் வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. போதாததற்கு மேலே பட்டை. மரத்தின் ஈரம் போகாமல் காப்பதுதான் பட்டையின் வேலை. மரம் விழுந்த பிறகும் அது அந்த வேலையை விடுவதில்லை. முழு உருளையை ஒரு வருடம் வெயிலில் போட்டு வைத்துவிட்டு "நல்லா காஞ்சிருக்கும்" என்று நம்பி எடுத்தால் நடுக்கட்டை ஈரமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒன்றரை அடிக்கு அறுத்து, முன்கைப் பருமனுக்குப் பிளந்துவிட்டால், தண்ணீர் கடக்க வேண்டிய தூரம் இரண்டு பக்கமும் குறைந்துவிடும்.

இந்தத் தண்ணீரும் ஒரே வகை அல்ல. துவைத்த துணியை நினைத்துக்கொள்ளுங்கள். பிழிந்தால் கொட்டும் தண்ணீர் ஒன்று. பிழிந்த பிறகும் நூலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரம் இன்னொன்று. மரத்திலும் குழாய்களுக்குள் சும்மா நிற்கும் தண்ணீர் முதலில் போய்விடும். உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் 30 சதவீதம் என்ற அளவுக்கு ஈரம் இறங்கிய பிறகு, செல்சுவர்களோடு பிணைந்திருக்கும் தண்ணீர் வெளியேறத் தொடங்கும். அது போகப் போகத்தான் மரம் சுருங்கும். அந்தச் சுருக்கமும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த இழுபறியில் மரம் வெடிக்கிறது. காய்ந்த கட்டையின் முனையில் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல நடுவிலிருந்து ஓடும் வெடிப்புகள் அப்படி வந்தவைதான்.

சரி, ஈரம் இருந்தால் என்ன, எரியும்போது ஆவியாகிப் போய்விடாதா? இங்கேதான் பலரும் கணக்கைத் தவறவிடுகிறார்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் உள்ள ஒரு கிலோ பச்சை விறகை எடுத்துக்கொள்வோம். அதில் அரை கிலோ மரம் எரிந்தால் தோராயமாக 2,200 கிலோகலோரி வெப்பம் வரும். அரை லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 310 கிலோகலோரி போதும். அதாவது ஏழில் ஒரு பங்குதான் வீண். காகிதத்தில் பார்த்தால் பெரிய இழப்பே இல்லை!

ஆனால் மரம் நேரடியாக எரிவதில்லை. சூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அது சிதையத் தொடங்கி, வாயுக்களையும் தார்த்துளிகளையும் கக்குகிறது. உலர்ந்த விறகின் எடையில் முக்கால் பங்கு அளவுக்கு இப்படித்தான் வெளியேறுகிறது. நாம் பார்க்கும் தீ நாக்கு என்பது அந்த வாயு எரிவது. அது முழுமையாக எரிய அடுப்புக்குள் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். விறகில் தண்ணீர் இருக்கும்வரை கட்டையின் சூடு 100 டிகிரி பக்கத்திலேயே தேங்கி நிற்கும். கிளம்பும் நீராவி அடுப்பையும் குளிர்விக்கும். வாயு எரியாமலே புகைபோக்கி வழியாகப் போய்விடும். புகை என்பது எரியாத விறகுதான். ஏழில் ஒரு பங்கு என்று நினைத்த இழப்பு உண்மையில் பல மடங்கு ஆவது இப்படித்தான். அந்தத் தார் புகைபோக்கியின் குளிர்ந்த உட்சுவரில் கறுப்பாகப் படிந்து, பிறகு ஒருநாள் அங்கேயே தீப்பிடிக்கவும் செய்யும்.

கற்பூர மரம் நீலகிரிக்கு 1843 வாக்கில் வந்தது. பிறகு அதையும் சீகை (வாட்டில்) மரத்தையும் ஏராளமாக நட்டதற்கு முக்கியக் காரணம், ஊட்டியிலும் வெலிங்டன் ராணுவ முகாமிலும் இருந்த விறகுத் தேவை. அதன் இலையில் தைலம் இருக்கிறது, அதனால் பச்சை இலையே பட்டாசு மாதிரி பொரியும். அதைப் பார்த்துவிட்டு விறகும் பச்சையாகவே எரியும் என்று நினைப்பது தவறு. தைலம் இலையில்தான், அடிமரத்தைக் காய வைத்தே தீர வேண்டும்.

பிளப்பதிலும் அது பிடிவாதக்கார மரம். கோடாலி விறகை அறுப்பதில்லை. முதல் அடியில் நார்களுக்கு நடுவே நுழைந்து, பிறகு ஆப்பு போல இரண்டு பக்கமும் நெட்டித் தள்ளுகிறது. வெடிப்பு வாய்க்கு முன்னால் தானே ஓடுகிறது. அதனால் மெல்லிய கூர்வாயைவிடத் தடித்த கன்னம் உள்ள கோடாலிதான் இதற்குத் தோது. நார் நேராக ஓடும் மரத்தில் ஒரே போடில் வேலை முடியும். கற்பூர மரத்திலோ நார் ஒரு அடுக்கில் இடப்பக்கம் முறுக்கி, அடுத்த அடுக்கில் வலப்பக்கம் முறுக்கிப் பின்னிக் கிடக்கும். காய்ந்துவிட்டால் கோடாலிக்கு அடங்காது. வெட்டிய வாரத்திலேயே, நார் ஈரத்தில் இளகியிருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். நட்ட நடுவில் அடிக்காமல் ஓரத்திலிருந்து பலகை பலகையாகப் பிளந்து எடுப்பது நல்லது. கறிக்கடைகளில் புளியமரத்துக் கட்டையை வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: பின்னல் நார் எவ்வளவு வெட்டினாலும் பிளக்காது.

அப்புறம் அடுக்குவது. காய வைப்பது வெயில் மட்டும்தான் என்று நினைத்து மொட்டை வெளியில் குவித்துவிடுகிறோம். வெயில் ஈரத்தை ஆவியாக்கும், சரிதான். ஆனால் அந்த ஆவியை அள்ளிக்கொண்டு போவது காற்று. குவியலின் நடுவில் காற்று நகராமல் நின்றால் பூஞ்சைதான் பிடிக்கும். கீழே இரண்டு கழியைப் போட்டு, மண்ணில் படாமல் ஒற்றை வரிசையாக, வெட்டுமுனை காற்றைப் பார்க்கும்படி அடுக்குங்கள். மேலே மட்டும் ஒரு தகரம். நாலு பக்கமும் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டினால் விறகு தன் ஈரத்திலேயே வேகும். சமவெளிக் கிராமங்களில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகை அடுக்கியது மிகச் சரியான யோசனை. சூடான காற்றுக்கு ஈரத்தை வாங்கிக்கொள்ளும் சக்தி அதிகம்.

மலையில் இதற்கு நாள் பார்க்க வேண்டும். ஜூன் முதல் நவம்பர்வரை ஒரு பருவமழை விட்டால் அடுத்தது. காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தில் நின்றால், எத்தனை மாதம் வைத்தாலும் விறகின் ஈரம் (உலர்ந்த மரத்தின் எடைக் கணக்கில்) 20 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது கடினம். காற்றும் விறகும் அந்த இடத்தில் சமாதானமாகிவிடும். 65 சதவீதம் என்றால் 12 வரை இறங்கும். ஜனவரியிலிருந்து மார்ச்வரை உறைபனி விழும் இரவுகளும் பளிச்சென்ற பகல்களுமாக மலைக்காற்று வறண்டிருக்கும் நாட்கள்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. டிசம்பர் கடைசிக்குள் பிளந்து அடுக்கியிருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நன்றாகக் காய்ந்த விறகின் தணல் புகையே விடாது. அந்தத் தைரியத்தில் குளிருக்கு அதை மூடிய அறைக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

விறகு காய்ந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு துண்டுகளை மோதிப் பார்ப்பார்கள். காய்ந்தது 'டங்' என்று ஒலிக்கும், ஈரமானது 'மொத்' என்று அடங்கிவிடும். எனக்குப் பிடித்தது சமையலறைத் தராசு. பிளந்த அன்றே ஒரு துண்டை நிறுத்து, எடையை அதன்மேலேயே கரியால் எழுதி, அடுக்கின் நடுவில் செருகிவிடுங்கள். பாதி தண்ணீராக இருந்த 1,000 கிராம் துண்டு, தன் மொத்த எடையில் 20 சதவீதம் மட்டும் தண்ணீர் என்ற நிலைக்கு வரும்போது 625 கிராம் இருக்கும். 375 கிராம் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் காற்றோடு போயிருக்கிறது. மே மாதம் எடை அதற்கும் கீழே இறங்கி ஒரு இடத்தில் நிற்கும். அதே துண்டை ஜூலை மூடுபனியில், மழை படாத இடத்திலிருந்தே எடுத்து, மறுபடி தராசில் வையுங்கள். சில கிராம் கூடியிருக்கும்.