மனாட்டி குண்டாக இருப்பது கொழுப்பால் அல்ல

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் விலங்கு மருத்துவம் பார்க்கிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளில் பிள்ளைகளுக்கு விலங்குகளைப் பற்றிச் சொல்லக் கூப்பிடுவார்கள். மனாட்டி (தண்ணீரில் புல் மேயும் கடற்பசு வகை) என்று ஆரம்பித்தாலே இப்போதெல்லாம் யாராவது போனை நீட்டுகிறார்கள். ஃபுளோரிடாவில் எவரோ மனாட்டியைக் கட்டிப்பிடித்து வயிற்றைச் சொறியும் வீடியோ. போன வாரம் சாட்ஸ்வொர்த்தில் ஒரு அம்மா, "கொழுகொழுன்னு இருக்கு பாருங்க டாக்டர், இதுக்கெல்லாம் குளிரே தெரியாது. ஒரு தடவை பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்த் தொட வைக்கணும்" என்றார். இதை இன்னும் எத்தனை பேர் வாயால் கேட்கப் போகிறேனோ!

அது கொழுப்பு இல்லை அம்மா, குடல். சுமார் 3 மீட்டர் நீளம், அரை டன் எடை உள்ள உடம்பு புல்லையே நம்பி வாழ்கிறது. தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூட ஒரு நாளில் மேயும். அதைச் செரிக்க 40 மீட்டருக்கும் மேல் நீளமான குடல் வேண்டியிருக்கிறது. (மாட்டைப் போல இரைப்பையில் அல்ல, குதிரையைப் போலப் பெருங்குடல் பக்கம்தான் தீவனம் புளிக்கிறது.) வெளியே உருண்டையாகத் தெரிவது பெரும்பாலும் இதுதான். திமிங்கிலத்துக்கும் கடல்நாய்க்கும் தோலுக்கடியில் இருக்கும் தடித்த கொழுப்புப் போர்வை மனாட்டிக்குக் கிடையாது. உடம்பில் ஊறும் சூடும் குறைவு. 20 டிகிரிக்குக் கீழே போன தண்ணீரில் நாள்கணக்கில் இருந்தால் மேய்ச்சல் நின்று, தோல் புண்ணாகி, கடைசியில் செத்தே போகும். அதே 20 டிகிரியில் நம் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே குதிப்பார்கள்.

டிசம்பர் நமக்குக் கோடை, ஃபுளோரிடாவில் குளிர்காலம். அப்போது புளூ ஸ்பிரிங் போன்ற வெதுவெதுப்பான ஊற்றுகளில் அவை ஒதுங்குகின்றன. தொடுகிறேன் என்று துரத்தினால் குளிர்ந்த தண்ணீருக்குள்தான் போகும். தீனியோ குழாய்த் தண்ணீரோ கொடுப்பது அங்கே சட்டப்படி குற்றம். படகுத்துறையில் அப்படிப் பழகிய மனாட்டி படகைத் தேடி வரும், அப்புறம் படகின் அடியில் சுழலும் விசிறி முதுகைக் கிழிக்கும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேறு எவ்வளவோ இருக்கிறது. யானையின் தூரத்து உறவு. துடுப்பில் நகம் உண்டு, அமேசான் இனத்துக்கு மட்டும் இல்லை. கடைவாய்ப் பல் தேய்ந்து முன்னால் விழ, பின்னாலிருந்து புதுப் பல் நகர்ந்து வரும். குட்டி அக்குளில் பால் குடிக்கும். குடலில் சேரும் வாயு மிதக்கவும் உதவுகிறது என்று சொன்னால் வகுப்பே உருண்டு சிரிக்கும், சிரிக்கட்டும். பெரிய பிள்ளைகளாக இருந்தால் 2021ஐப் பற்றியும் சொல்லுங்கள். கழிவு கலந்து நீர் கலங்கி, இந்தியன் ரிவர் காயலில் கடற்புல் அழிந்தது. அந்த ஆண்டு ஃபுளோரிடாவில் 1,100க்கும் மேல் மனாட்டிகள் இறந்தன. அவற்றில் நிறைய பட்டினிச் சாவு.

நம் பக்கம் மனாட்டி கிடையாது. அதன் உறவான ஆவுளியா, பிளவுபட்ட வாலோடு, மொசாம்பிக்கின் பஸாருட்டோ தீவுகளைச் சுற்றி மேய்கிறது. இங்கே கரையேறுவது கடல்நாய். வீடியோ பார்த்த பிள்ளை ஓடுவது அதனிடம்தான். அது ஓய்வெடுக்க வந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றாதீர்கள், கடலுக்குள் தள்ளாதீர்கள், செல்ஃபிக்குக் குழந்தையைப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், உங்கள் வளர்ப்பு நாயைக் கயிற்றில் பிடியுங்கள். 2024இல் மேற்குக் கேப்பில் கடல்நாய்களுக்கு ரேபிஸ் உறுதியானது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தயவுசெய்து மஞ்சளை அப்பிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள்.